சுவிட்ச் விலை ஏறாத பதினோரு ஆண்டுகள்

போன மாதம் நீங்கள் மூன்று பேரும் பாகூரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். சேதராப்பட்டில் வெவ்வேறு கம்பெனிகளில் கொள்முதல் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள். காபி ஆறுவதற்குள் கேட்டுவிட்டீர்கள்.

"மேடம், உங்க காலத்துல பதினோரு வருசம் சுவிட்ச் விலை ஏறவே இல்லையாமே. எப்படிப் புடிச்சு வெச்சீங்க? இப்ப கொட்டேஷன் குடுக்கறவன் ஏழு நாள்தான் செல்லும்னு எழுதி அனுப்பறான்."

அன்று நான் பதில் சொல்லவில்லை. மழை பெய்யாததைப் பற்றியும் நடவு தள்ளிப்போனதைப் பற்றியும் பேசி உங்களை அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பேரம் பேசும் நுட்பம் எதுவும் இதில் கிடைக்காது. அதை நீங்களே சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள், நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

மிக்சி செய்யும் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். ஸ்டோர்ஸ் கிளார்க்காக நுழைந்து கொள்முதல் மேலாளராக வெளியே வந்தேன். ஒரு மிக்சிக்குள் எத்தனையோ சாமான் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்றைப் பற்றி. முன்பக்கத்தில் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று திருகுகிறோமே, அந்த சுவிட்ச்.

நான் வேலையில் சேர்ந்தபோது அதை எங்களுக்குச் செய்து கொடுத்தவர் பிலோமினா. வில்லியனூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நடத்தினார். அவருடைய அப்பா அம்மா இருவரும் கடைசி வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நடவும் களையும் என்று கூலி வேலை பார்த்தவர்கள். பிலோமினா பத்தாவது முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு சுவிட்ச் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை செய்தார். அங்கேயே மெஷின் ஓட்டிய ஒருவரைக் கட்டிக்கொண்டு, இருவருமாகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய மோல்டிங் மெஷின் வாங்கினார்கள். கணவர் மெஷினில் பிளாஸ்டிக் கூட்டை வார்ப்பார். பிலோமினாவும் பதினான்கு பெண்களும் அதற்குள் பித்தளைத் தகடும் ஸ்பிரிங்கும் சின்ன இரும்புக் குண்டும் வைத்துப் பூட்டுவார்கள். வார்ப்பதற்கு வேண்டிய இரும்பு அச்சு, நாமெல்லாம் டை என்கிறோமே, அது மட்டும் எங்கள் கம்பெனியுடையது.

அவரோடு எனக்கு முதல் பழக்கமே ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது. கொள்முதல் சீட்டில் புதிதாக உட்கார்ந்த வேகத்தில், திருகுவதற்கு இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டாயிரம் சுவிட்சைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலையில் பிலோமினா என் மேஜைக்கு முன்னால் நின்றார். ஒரு கையில் நான் திருப்பிய சுவிட்ச், இன்னொரு கையில் வேறு யாரோ செய்த லேசான சுவிட்ச். என் மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"கைய நனைங்க மேடம்."

"எதுக்கு?"

"நனைங்க, சொல்றன்."

நனைத்தேன். லேசான சுவிட்சை ஒன்றில் வைக்கப் பார்த்தேன். ஈர விரல் வழுக்கி அது நேராக மூன்றுக்குப் போய் நின்றது. அவருடையது ஒன்றில் டக்கென்று நின்றது. இரண்டுக்குப் போக இன்னொரு முறை அழுத்தித் திருப்ப வேண்டியிருந்தது.

"சட்னி அரைக்கறவ கை காஞ்சா இருக்கும்? ஒண்ணுல வெக்கறன்னு நெனச்சினு மூணுல போட்டா மூடி தூக்கிகினு மூஞ்சில அடிக்கும். அதுக்குத்தான் இறுக்கமா வெக்கறன்."

இரண்டாயிரத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அது தப்புதான், ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரோடு போன தப்பு. அடுத்தது அப்படிப் போகவில்லை.

சில வருடம் கழித்து எங்கள் முதலாளி சீனாவில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். பெட்டியிலிருந்து ஒரு சுவிட்சை எடுத்து என் மேஜையில் வைத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. பிலோமினாவுக்கு நாங்கள் பதினோரு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். இது கப்பல் வாடகை, வரி எல்லாம் சேர்த்து ஆறரை ரூபாய்க்குச் சேதராப்பட்டில் எங்கள் கம்பெனி வாசலுக்கே வந்து சேரும் என்றார்.

அந்த நேரத்தில் மிக்சி விற்கிற எல்லோரும் விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சரக்கு கடைகளில் தேங்க ஆரம்பித்திருந்தது. பிலோமினாவைக் கூப்பிட்டுப் பேசினேன். ஒரு வாரம் கேட்டுக்கொண்டு போனார். பத்து ரூபாய்க்கு வந்தார். அதற்குக் கீழே இறங்கினால் பெண்களின் கூலியில்தான் கைவைக்க வேண்டும் என்றார்.

"பாதி அங்க வாங்குங்க மேடம், நான் வேணான்னு சொல்லல. பாதி எனக்குக் குடுங்க. மெஷினு ஓடினு இருந்தா போதும்."

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெறும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார். எந்தச் சாமானுக்கும் இரண்டு பேரை வைத்துக்கொள், அதில் ஒருத்தராவது சைக்கிளில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கட்டும் என்று. பிலோமினா கேட்டதும் அதுதான். முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. "நீங்களே முடிவு பண்ணுங்க மேடம், உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

முடிவு என் கையில் இருந்தது. இதைத்தான் உங்களிடம் அன்று சொல்ல முடியவில்லை. பின்னாளில் யார் கேட்டாலும், மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். உண்மை என்னவென்றால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதி வாங்கினால் ஒரு கண்டெய்னருக்குக் காணாது, விலை கொஞ்சம் ஏறும். முழுதாக வாங்கினால் வருடக் கடைசியில் நான் மிச்சப்படுத்திய தொகை என்று ஒன்றைக் காட்டலாம். அந்தத் தொகை எனக்குப் பிடித்திருந்தது. அதன் பக்கத்தில் என் பெயர் இருக்கும் என்பதும் பிடித்திருந்தது.

வில்லியனூர் எட்டு ஒன்பது கிலோமீட்டர். நேரில் போகவில்லை. போனில் சொன்னேன்.

பிலோமினாவுக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தமும், அவருடைய சின்னப் பெண் ஜெசி ஏதோ பாட்டை ஒப்பிக்கும் சத்தமும் கேட்டன. அவள் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"சரி மேடம். டை உங்களுது. எப்ப ஆள் அனுப்பறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

டை வந்து எங்கள் ஸ்டோர்ஸ் மூலையில் கிடந்தது. மூன்று வருடம் கழித்து இடம் போதவில்லை என்று பழைய இரும்புக்குப் போட்டார்கள். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டது நான். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கேள்விப்பட்ட பதினோரு வருடம். சுவிட்ச் ஆறரையிலிருந்து ஏழுக்குள்ளேயே நின்றது. மோட்டாருக்கு வேண்டிய பேரிங், ரப்பர், வயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு மாற்றினேன். வில்லியனூரில் கல்யாணச் சீருக்கு மிக்சி வாங்குகிறவர்கள் அண்ணன் பெண்ணுக்குக் கொடுத்த அதே விலையில் தம்பி பெண்ணுக்கும் வாங்கினார்கள். அரிசி ஏறியது, பள்ளிக்கூடக் கட்டணம் ஏறியது, ஆஸ்பத்திரிச் செலவு ஏறியது. மிக்சி ஏறவில்லை, பிளாஸ்டிக் வாளி ஏறவில்லை, டார்ச் லைட் ஏறவில்லை. விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் அதில் என் பங்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். என் பங்கு இருந்தது உண்மைதான். எங்கோ தூரத்தில் மலிவாகச் செய்கிறார்கள், அங்கிருந்து இங்கே வர வழி திறந்திருக்கிறது. இந்த இரண்டும் இருந்ததால் நின்ற விலை அது. அதை என் சாமர்த்தியம் என்று கம்பெனி நம்பியது, நானும் நம்பினேன்.

கொரோனாவில் முதல் அடி விழுந்தது. கண்டெய்னர் கிடைக்கவில்லை, கிடைத்தபோது கப்பல் வாடகை பல மடங்கு. சுவிட்ச் பத்தைத் தாண்டியது. கொரோனா போனால் இறங்கிவிடும் என்று முதலாளியிடம் உறுதியாகச் சொன்னேன். கொஞ்சம் இறங்கியது, பழைய இடத்துக்கு வரவில்லை. அப்புறம் ஒரு நாடு இன்னொரு நாட்டுப் பொருளுக்கு வரி போட்டது, அந்த நாடு பதிலுக்கு ஏதோ ஒரு கனிமத்தை நிறுத்தியது. பேப்பரில் உலகச் செய்திப் பக்கத்தில் வருகிற சமாச்சாரம் ஒவ்வொன்றும் இரண்டு மாதத்தில் என் மேஜைக்கு வந்தது. கடைசியில் நம் பக்கத்திலேயே, இந்த மாதிரி சாமான்களுக்கு இங்குள்ள தரமுத்திரை இருந்தால்தான் துறைமுகத்தில் விடுவோம் என்று உத்தரவு வந்தது. உள்ளூர்த் தொழில் வளரட்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல நோக்கம். வளர்வதற்கு உள்ளூரில் யார் மிச்சம் என்று கேட்டால், என்னால் பதில் சொல்ல முடியாது.

எங்களுக்கு அனுப்புகிறவன் முத்திரை வாங்க மாட்டேன் என்றான். உங்கள் ஆர்டர் சின்னது, அதற்காக இத்தனை அலைச்சல் தேவையில்லை என்று இரண்டு வரியில் எழுதினான். கையிருப்பு பன்னிரண்டு நாளில் தீர்ந்தது. மிக்சி பூட்டும் லைன் நின்றது. காண்டிராக்டில் வேலை செய்த நாற்பது பேரை, கூப்பிடுகிறபோது வாருங்கள் என்று அனுப்பினார்கள். பெரும்பாலும் பெண்கள். அதில் ஒருத்தி ஜெசி. பிலோமினாவின் பெண் எங்கள் லைனிலேயே இரண்டு வருடமாக வேலை செய்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெயர்ப் பட்டியலில் அம்மா பெயரைப் பார்த்தபோது.

அப்போது முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்திருந்தார், சின்னவர் என்போம். படித்தவர், மரியாதையாகப் பேசுவார்.

"மேடம், முன்னாடி வில்லியனூர்ல ஒருத்தங்க பண்ணினு இருந்தாங்களாமே. அவங்களயே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லலாமே" என்றார்.

போனேன். இந்த முறை நேரில் போனேன். கொட்டகையைத் தண்ணீர் கேன் வைக்க வாடகைக்கு விட்டிருந்தார்கள். பக்கத்திலேயே வீடு. அவர் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. பிலோமினா ஒரு கல்லூரி விடுதியின் சமையலறையில் காய் நறுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் வாழைக்காய்க் கறை.

"வாங்க மேடம். இன்னா இந்தப் பக்கம்?"

சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டை வெச்சினு இருக்கீங்களா?"

"இல்ல பிலோமினா. பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. உடனே வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. புது டை வெட்டக் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும், முன்பு வெட்டியவர் இப்போது இல்லை. நாலைந்து வாரம் ஆகும். மெஷினை எடைக்குப் போட்டு ரொம்ப நாளாச்சு, புதிதாக வாங்க வேண்டும். அதை ஓட்ட ஆள் தேட வேண்டும். பித்தளை விலை எங்கேயோ போய்விட்டது. பழைய பெண்கள் எல்லோரும் வேறு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அந்தக் கூலிக்கு இன்று யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. அங்கேயே காலண்டர் தாளைக் கிழித்து எழுதிப் பார்த்தார்.

"இருபத்தெட்டு ரூவாக்கிக் கம்மியா முடியாது மேடம். அதுவும் ரெண்டு வருசம் மாசாமாசம் ஆர்டர் வரும்னு இருந்தாத்தான். இல்லன்னா கடன கட்ட முடியாது. இந்த எடத்தத்தான் அடகு வெக்கணும்."

நான் மிச்சப்படுத்திய நான்கரை ரூபாயை நினைத்துக்கொண்டேன்.

தக்காளி விலை ஏறுகிறது, வில்லியனூர் சந்தையில் எல்லோரும் திட்டுகிறோம், அடுத்த காய்ப்பு வந்ததும் இறங்கிவிடுகிறது. செடி போட ஆள் இருக்கிறார்கள், நிலம் இருக்கிறது, மூன்று மாதத்தில் காய் வரும். செய்யத் தெரிந்தவர்களைக் கலைத்துவிட்டு, டையையும் உருக்கிவிட்ட பிறகு ஏறுகிற விலை அப்படி இறங்காது. அது அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் எல்லோரும் பழகிக்கொள்வார்கள், அதன் மேல் அடுத்தது ஏறும். ஏழு நாள் கொட்டேஷன் எப்போது பழையபடி மாறும் என்று கேட்டீர்கள். மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சின்னவரிடம் போய் பிலோமினாவின் நிபந்தனையைச் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை.

"ரெண்டு வருசம் ஆர்டர்னு எழுதிக் குடுங்க மேடம். கீழ ஒரு வரி மட்டும் சேர்த்துடுங்க, கம்பெனித் தேவைக்கு உட்பட்டதுன்னு."

"அந்த வரி இருந்தா மேல எழுதினதுக்கு அர்த்தமே இல்லையே, சார்."

"நாளைக்கே வேற எங்கிருந்தாவது மலிவா வந்தா நாம இருபத்தெட்டு குடுத்துகினு உக்கார முடியுமா? மத்த கம்பெனிக்காரன் விடுவானா? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. வேறு நாட்டு வழியாக, முத்திரையோடு, ஆறு மாதத்தில் யாராவது கொண்டுவந்துவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். கடிதத்தை நானே டைப் செய்தேன், ஆங்கிலத்தில். அந்த வரியையும் நானே சேர்த்தேன்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு வில்லியனூர் போனபோது ஜெசியும் வீட்டில் இருந்தாள். வேலை இல்லாமல் மூன்று வாரம் ஆகியிருந்தது. அடுத்த தையில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்களாம். பிலோமினா கடிதத்தை வாங்கி மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஆங்கில எழுத்துக் கூட்டுவார், அர்த்தம் பிடிபடாது.

"எம்மா, கையெழுத்து போடும்மா" என்றாள் ஜெசி. "சுவிட்ச் வந்தாத்தான் லைன் ஓடும். இல்லன்னா எங்க எல்லாரையும் மொத்தமா நிறுத்திடுவாங்க."

பிலோமினா என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். போடட்டா?"

எனக்கு அப்போது ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் லைன் ஓடும், நாற்பது பேர் உள்ளே வருவார்கள், சின்னவர் சந்தோஷப்படுவார், நான் மாலை போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். அதற்கப்புறம் நடப்பதற்கு வேறு யாராவது போனில் பதில் சொல்வார்கள். ஒருமுறை இந்தப் பெண்மணியின் தொழிலை முடித்தேன். இரண்டாவது முறை இடத்தையும் சேர்த்து முடிக்க என் கையாலேயே தாளை நீட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

"போடாதீங்க பிலோமினா" என்றேன். "கடைசி வரி ஒண்ணு இருக்கு. எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்னு அர்த்தம். நிறுத்திடுவாங்க. ஆறு மாசம் தாண்டாது."

ஜெசி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எழுந்து உள்ளே போய்விட்டாள். பிலோமினா தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லவேள, சொன்னீங்க மேடம். இல்லன்னா எடத்த வெச்சிருப்பன்." டீ போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

சின்னவரிடம், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னேன். "நீங்க பேசின விதம் சரியில்லயோ என்னமோ" என்றார். அதோடு விட்டுவிட்டார். இருபத்தெட்டு வருடத்தில் கம்பெனிக்கு விரோதமாக நான் செய்த ஒரே காரியம் அது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, பழைய தப்பில் பாதியையாவது கழித்துவிட்டோம் என்று நினைத்தேன். வெகு நாளைக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு மாதத்தில் கம்பெனி வேறு முடிவு எடுத்தது. இனிமேல் மிக்சி செய்வதில்லை. வேறொரு நாட்டிலிருந்து முழு மிக்சியாகவே, முத்திரையோடு, பெட்டியிலேயே வரும். நம் பெயரை மட்டும் ஒட்டி அனுப்பினால் போதும். லைன் இருந்த ஷெட்டில் கிடங்கு வந்தது. ஒட்டுவதற்கு ஆறு பேரை வைத்துக்கொண்டு, மற்ற காண்டிராக்ட் ஆட்களை மொத்தமாக நிறுத்தினார்கள். அந்த ஆறு பேரில் ஜெசி இல்லை. முழு மிக்சி முன்பைவிட எவ்வளவோ அதிக விலைக்கு வந்தது. மற்ற கம்பெனிகளும் ஏற்றியிருந்ததால் கடையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு மாலை போட்டு, விலையைக் கட்டிக் காத்தவர் என்று பேசி அனுப்பிவைத்தார்கள்.

ஓய்வுபெற்று எட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் பிலோமினாவைப் பார்த்தேன். விடுதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். நான்தான் பக்கத்தில் போய் விசாரித்தேன்.

"ஜெசி கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?"

"எங்க மேடம். அவளுக்கு வேல போனதும் மாப்ள வூட்டுக்காரங்க ரவ நாள் போவட்டும்னாங்க. அப்பறம் வரல."

அவரே பேசினார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, கணக்கு ஒன்றைச் சரிபார்ப்பதுபோல் இருந்தது.

"அன்னிக்கு நீங்க போடுன்னு சொல்லியிருந்தா ஆறு மாசமாவது ஓடியிருக்கும் மேடம். அத்த அடிக்கடி நெனச்சிக்குவன்."

"ஆறு மாசம் கழிச்சு உங்க எடம் போயிருக்குமே பிலோமினா. அதுக்காகத்தான் சொன்னேன்."

"எடம் இப்பவும் போயிடிச்சி மேடம்."

விடுதிச் சம்பளம் ஏறவில்லை, மற்றதெல்லாம் ஏறியது. ஜெசிக்கு வேலை இல்லை. நடுவில் அவருக்கு ஒரு ஆபரேஷன். கொட்டகையோடு சேர்த்து இடத்தைத் தண்ணீர் கேன்காரருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடியிருந்தா ஒரு பத்துப் பொண்ணுங்களாவது ஆறு மாசம் கூலி பாத்திருப்பாளுங்க. கல்யாணத்த முடிச்சிருப்பன். அப்பறம் எடம் போயிருந்தா போவட்டும்."

முதல் முடிவு தப்பு என்று எனக்கு எப்போதோ தெரியும். இரண்டாவது முடிவு சரி என்று அந்த மத்தியானம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்கிறேன், விடை வரவில்லை. ஒருநாள் உங்கள் பையிலும் அப்படி ஒரு கடிதம் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாத ஒருவர் உங்களைப் பார்த்து, போடட்டுமா என்று கேட்பார். என்ன சொல்வது என்று என்னிடம் கேட்க வராதீர்கள். எனக்குத் தெரியாது.

பிலோமினாவின் பஸ் வந்தது. கூட்டம். படியில் ஏறி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"உங்க மேல கோவம்லாம் இல்ல மேடம். வெய்யில்ல நிக்காதீங்க, வூட்டுக்குப் போங்க."

பஸ் கிளம்பிவிட்டது. நான் பாகூர் போக வேண்டிய பஸ் என் கண் முன்னாலேயே வந்து நின்று போனது. ஏறவில்லை.